பதினேழாம் பிரிவு

வாழைச்சேனை வட்டார வன அலுவலகம்.
மின்விசிறிக்கு நேர்கீழே வரைபடத்தை விரித்து
மூலைக்கொரு பாரம் வைத்திருக்கிறேன்:
முத்திரைப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல்,
ஒரு பொதி முதிரை விதை.
நாலாவது என் தொலைபேசி.
யாராவது அழைத்து நான் எடுத்தால்
புணானைப் பக்கம் சுருண்டுகொள்ளும்.

இருபது வருடத் திட்டம் கேட்கிறது தலைமையகம்.
நான் இளைப்பாற ஆறு வருடம்.
மிச்சப் பதினான்கையும்
இன்னும் பரீட்சை எழுதாத யாரோ ஒருவர்
ஒப்பமிடுவதற்காக எழுதுகிறேன்.

பழைய கோப்பு நேற்றுத்தான் அகப்பட்டது.
எண்பத்திரண்டில் தட்டச்சிட்டது.
கறையான் ஓரங்களை மட்டும் தின்றிருந்தது.
பதினேழாம் பிரிவு, தேக்கு, நாற்பது ஹெக்டேயர்.
மூன்றாம் வருடம் களை பிடுங்கல்.
ஆறில் முதலாம் ஐதாக்கல்,
பன்னிரண்டில் இரண்டாவது, இருபதில் மூன்றாவது.
ஒவ்வொன்றின் எதிரிலும்
செய்து முடித்த திகதிக்கு ஒரு கட்டம்.
களைக்கு எதிரே, எஸ். சின்னலெவ்வை, வனக் காவலர்.
அதன் பிறகு வெள்ளை.

அந்த வெள்ளைக்குள் நடந்ததை
இந்த மாவட்டத்தில்
யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.
மரங்கள் ஒன்றையொன்று நெருக்கி
வெளிச்சத்துக்கு முண்டியடித்துக்
கழுத்தாகவே வளர்ந்தன.
போன மாதம் நாடாவைச் சுற்றிப் பார்த்தேன்:
நாற்பது வயதுத் தேக்கு, என் தொடையளவு.

விழுந்தவற்றை ஏற்றிப்போன லொறியை
ஆலைக்காரர் திருப்பி அனுப்பினார்.
"சேர், உள்ளுக்க இரும்பு. வாள் ரெண்டு போயித்து."
சேதப் பட்டியலில் அதற்குக் குறியீடு தேடினேன்.
பூஞ்சணத்துக்கு உண்டு, தண்டுதுளைப்பானுக்கு உண்டு,
யானை உரித்த பட்டைக்கும் உண்டு.

கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள்.
பட்டிக்காரர் செல்லக்கதிர்
எருமைகளுக்குக் குளத்துக்கு வழி கேட்டார்.
தேனெடுக்கும் முகைதீன்பாவா மரம் எதுவும் கேட்கவில்லை;
பாலை பூக்கிற காலம் மட்டும்
கேற்றைப் பூட்டாமல் விடச் சொன்னார்.
விறகுப் பெண்களுக்காக வந்த அருள்நேசம்
வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.
தண்ணீர்ப் போத்தல் உருண்டது.
"இந்தப் பச்சை எப்ப வந்த?"
போன கிழமை, என்றேன். நான்தான் தீட்டினேன்.
"எங்கட கிணறு சூறாவளிக்கு அடுத்த வருசம் வெட்டின."
ஈர விரலை அங்கே வைத்து எடுத்தாள்.
பச்சை கரைந்து
கிணற்றளவு வெள்ளை.

அதை நான் மறுபடி தீட்டவில்லை.
தீட்டாததற்கு மேலிடத்துக்கு
இன்னும் கடிதம் எழுதவும் இல்லை.

இரவு. பதினேழாம் பிரிவுக்கு வருகிறேன்.
மூன்றில் ஒன்றை வெட்டினால்
மற்றவை பருக்கும் என்கிறது கைநூல்.
நெடுங்காலம் நெருங்கி நின்றவை
திடீர் இடைவெளியில் காற்றுக்குச் சாயும் என்கிறது
அதே கைநூல், அடுத்த பக்கத்தில்.

பத்தில் ஒன்று, என்று எழுதுகிறேன். பென்சிலால்.
மூன்று மாரி பார்த்துவிட்டு இன்னும் ஒன்று.
விழுந்த வெளியில் தேக்கு வேண்டாம்.
முதிரை போடலாம்; வீரை, பாலை
தானாக வந்தால் விடலாம்.

பிறகு கட்டங்கள் வரைந்தேன், இருபது வருடத்துக்கும்.
செய்து முடித்த திகதி.
பக்கத்தில், படிவத்தில் இல்லாத ஒரு நிரல்:
செய்யாவிட்டால், ஏன்.

ஓரத்தில் நிறைய இடம் இருந்தது.
நடுவில் போட்டேன்.