பத்து நொடிக்கு ஒரு சாவி

பாரிஸைப் பார்க்க வேண்டுமென்றால்
பாரிஸுக்கு முதுகைக் காட்ட வேண்டும்.
கான்ஸ்டாந்தீன் நகரத்து பால்கனிகளில்
கிண்ணங்கள் எல்லாம் தெற்கே
சகாராவை அண்ணாந்து பார்த்தபடி நிற்கின்றன.
படம் அங்கிருந்துதான் வருகிறது,
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில்
இடம் மாறாத ஒன்றிடமிருந்து.

நான் வசீலா. தக்ஸி குடியிருப்பு, நான்காம் மாடி.
படித்தது இயற்பியல். பிழைப்பு, அட்டை எழுதுவது.
துணி உலர்த்தும் அறையில் ஒரு கணினி,
பற்றவைக்கும் கோல், எரிந்த பிசின் வாசனை.
பல் வைத்தியர் பூசித் வருவார்.
ரொட்டிக்கடை ஃபத்தூமா வருவாள்.
காவல் நிலையத்து அல்லாவா
சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வருவான்.

பத்து நொடிக்கு ஒருமுறை வானம் பூட்டை மாற்றும்.
பத்து நொடிக்கு ஒருமுறை
என் அட்டை புதுச் சாவி கடைந்து கொடுக்கும்.
கால்பந்து ஆட்டம் ஒன்றுக்கு
ஐநூற்று நாற்பது சாவிகள்.
ஃபத்தூமா அழும் தொடருக்கு அதில் பாதி போதும்.

அந்த அக்டோபரில்
படத்தோடு வேறொன்றும் இறங்கத் தொடங்கியது.
நாலைந்து பைட்டுகள். அவ்வளவுதான்.
வாங்கி உள்ளே எழுதிக்கொள், இல்லையென்றால் படமில்லை.
எழுதவிட்டேன்.
கூட்டிப் படித்துப் பார்த்தேன், சொல்லாகவில்லை.
"அங்கே எவனுக்கோ கை நடுங்குது" என்று ஸூபைர் சிரித்தான்.

மறு வாரம் இன்னும் நான்கு.
அதற்கடுத்து ஏழு.
கல்யாண வீட்டுக்குள் நுழையும் ஆட்களைப் போல.
பெண் வீடு என்று இவர்களும்
மாப்பிள்ளை வீடு என்று அவர்களும்
நினைத்துக்கொண்டு சோறு போட்டோம்.

ஜனவரி. பனி விழுந்த ஞாயிறு.
ஆட்டம் தொடங்க இருபது நிமிடம்.
ரம்மல் ஆற்றுப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம்
ஜன்னல்களில் நீலம் ஒரே மூச்சில் அணைந்தது.
பிறகு இந்தப் பக்கம். பிறகு என் கூடம்.

யாரும் கத்தவில்லை.
திருடனுக்குத் தேள் கொட்டியிருந்தது,
ஊருக்கே.

அல்லாவா மட்டும் படியேறி வந்தான், கையில் அட்டை.
"இதுக்கு யார்கிட்ட புகார் கொடுக்கறது?"
என்னைத்தான் கேட்டான்.

அன்றிரவு அட்டையைத் திறந்து படித்தேன்.
எரியவில்லை, அழியவில்லை,
எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி.
முதல் முகவரியில் ஒரு கட்டளை:
முதல் முகவரிக்குப் போ.

மூன்று மாதச் சிதறல்கள்
ஒரு வாக்கியமாகியிருந்தன. ஒரு பைட் வீணில்லை.
எழுதியது ஒரு பெண் என்றே வைத்துக்கொண்டேன்.
எந்த ஊரிலோ, எந்த மேசையிலோ,
சொந்த வீட்டிலும் வாய் திறக்காமல்
வாரத்துக்கு நான்கு எழுத்து அனுப்பிக்கொண்டிருந்தவள்.
கோபப்படத்தான் உட்கார்ந்தேன்.
பொறாமையாக இருந்தது.

பிறகு என்னென்னவோ வந்தன.
தன் பெட்டியோடு நிக்காஹ் முடித்து
அடுத்த பெட்டியில் வாய் திறக்காத அட்டைகள்.
ஒரே அட்டை முந்நூறு வீட்டுக்குக்
கம்பி வழியே சாவி ஊட்டிய காலம்,
அதுவும் போயிற்று.
ஸூபைர் மார்சேய்க்குப் போய்விட்டான்.
மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறானாம்.
தொலைபேசியில் அதைச் சொல்லும்போது
குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

ஆயிரம் அட்டைகளை அழித்துத் திரும்ப எழுதினேன்.
அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை.
எப்போதாவது செருகி மின்சாரம் கொடுப்பேன்.
திரை கறுப்பாகவே இருக்கும்.
உள்ளே அது
தன் வாசலிலிருந்து தன் வாசலுக்கு
நொடிக்கு லட்சம் முறை புறப்பட்டுக்கொண்டிருக்கும்.
சற்று நேரத்தில் லேசாகச் சுடும்.
விரல் வைத்துப் பார்ப்பேன்.