ஆரையும் கேளாமல்

முதற்கட்ட ஆய்வு என்பதால்
காசும் முதற்கட்டமாகத்தான் வந்தது:
கைப்பிடி அளக்கும் கருவி ஒன்று,
என் ஸ்கூட்டிக்கு ஆறு மாதப் பெற்றோல்,
பதிவெழுத நிரூஜாவுக்கு அரைநாள் சம்பளம்.
அறுபது பேர், எழுபது வயதுக்கு மேல்,
துணுக்காய், மல்லாவி, குளத்துக்கு அந்தப்பக்கம் பாலிநகர்.
ஏன் அங்கே என்று தெரிவுக்குழு கேட்டது.
இதுவரை ஒருவரும் அளக்கவில்லை என்று எழுதினேன்.

பொதுநோக்கு மண்டபத்துச் சீமெந்துத் தரையில்
மஞ்சள் ரேப் ஒட்டினோம்.
இங்கிருந்து அங்கே நாலு மீற்றர்.
ஐந்து செக்கனுக்குள் என்றால் ஒரு கட்டம்
தாண்டினால் மற்றக் கட்டம்.
"ஓடவேண்டாம் ஐயா, கடைக்குப் போற மாதிரி நடவுங்கோ."
"கடன் குடுக்கவேண்டிய கடைக்கோ, இல்லாத கடைக்கோ?"
மார்க்கண்டு கேட்டுக்கொண்டே நடந்தார்.
நாலே முக்கால்.

எந்தக் கை பழக்கம்?
"முன்னம் வலது."
நிரூஜா பேனையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.
இரண்டு கையையும் எழுது என்றேன்.
வலது ஒன்பது கிலோ. இடது இருபத்தாறு.

காரணமில்லாமல் இந்த வருடம் நிறை குறைந்ததா?
"காரணமில்லாமலோ?"
என்று திருப்பிக் கேட்டவர்கள் பதினொரு பேர்.
அதற்கு ஒரு நிரல் போட்டேன், பிறகு அழித்தேன்.

கையூன்றாமல் கதிரையிலிருந்து ஐந்துதரம் எழும்பவேண்டும்.
"கதிரை விதானையார் வந்தா இருக்க" என்றாள் இராசமலர்.
நிலத்தில் சப்பாணி கட்டி
அங்கிருந்தே எழும்பிக் காட்டினாள், எட்டுத்தரம்.
கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

கொழும்பில் மொழிபெயர்த்த படிவம்.
பன்னிரண்டாம் கேள்வி:
அன்றாட வாழ்வில் நீங்கள் எந்தளவு சுதந்திரமாக இருக்கிறீர்கள்?

வாங்கில் இருந்த ஐந்துபேரும் வாசலைப் பார்த்தார்கள்.
வாசலில் ஒரு மாடு நின்றது.
முதலில் சிரித்தவர் திரவியம்.
"பிள்ளை, இதுக்கு நான் சொல்லுற பதிலை
ஆரிட்டைக் குடுப்பியள்?"
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்,
நிரூஜாவைத் தவிர. அவளுக்கு அப்போது நாலு வயது.

பன்னிரண்டை வெட்டினோம்.
இரவு முழுக்கச் சொல் தேடினேன்.
சுயசார்பு என்றால் நிறுவனத்து அறிவிப்புப் பலகை.
தங்கிவாழாமை என்றால்
தங்க ஒரு இடம் கிடைத்ததே போன வருடம்தான் என்பார்கள்.

அடுத்தநாள் பெருமாயி,
எழுபத்தேழில் அட்டனிலிருந்து வந்து காடு வெட்டியவள்,
கருவியைக் கசக்கிவிட்டுச் சொன்னாள்:
"யாரயும் கேக்காம வெளிக்குப் போயி வந்துட்டா
அது போதும்மா எனக்கு."

கேள்வியை மாற்றினோம்:
ஆரையும் கேளாமல் நீங்கள் எதுவரை போய் வருவீர்கள்?

கிணத்தடி.
கிணத்தடி, ஆனா துலா இழுக்க ஏலாது.
தபாற்கந்தோர்.
மகளின்ர வீடு, பஸ் படி உயரம் எண்டபடியால் நடந்து.
கோழிக்கூடு.
கதவு. அதுக்குப் பிறகு யோசிப்பன்.

அறுபதில் ஐம்பத்தேழு பேரோடு முடித்தோம்.
அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
மாதிரி சிறியது, பொதுமைப்படுத்த இயலாது என்று ஒழுங்காக எழுதினேன்.
ஓரத்தில் எழுதியவை நாற்பத்தொரு குறிப்பு.
அவற்றையும் தட்டெழுதி
பின்னிணைப்பு என்று அனுப்பியிருக்கிறேன்.
இன்னொரு கட்டத்துக்குக் காசு தருவார்களோ தெரியாது.

ரேப்பை உரிக்க மறந்துபோனேன்.
போன கிழமை உரமானியக் கூட்டம், அதே மண்டபம்.
பெயர் கூப்பிடும்வரை காத்திருந்த பெருமாயி
மஞ்சள் கோட்டைக் கண்டாள்.
இந்தப்பக்கம் பார்த்தாள், அந்தப்பக்கம் பார்த்தாள்.
சேலையைச் சற்றே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

என்னிடம் மணிக்கூடு இல்லை.
வாய்க்குள் எண்ணினேன்,
ஐந்து வரும்போது கொஞ்சம் இழுத்து.