லாவண்டர் மணல்

பை எழுநூறு ரூபாய்.
பைமேல் சிரிக்கிற பூனைக்கு
எங்கள் மொளகைத் தெரியாது.

முகர்ந்தாள். பின்னங்காலை உதறினாள்.
நேராகப் போனாள்
தெய்வானை இஸ்திரி போட்டு வைத்த
பேங்க் புடவைக்கு.

வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து
பெட்டியை நகர்த்தினோம். மூடியைக் கழற்றினோம்.
மூத்திரம் பார்த்த டாக்டர்
"ஒண்ணுமில்லீங்" என்றதற்கு அறுநூறு.

விடிகாலை பால்கனியில் பிடித்தேன்:
கறிவேப்பிலைத் தொட்டி,
தோண்டிய தென்னை நார்த்தூள்,
பாதி மூடிய கண், அப்படியொரு நிம்மதி.

ஆனைமலை ரோட்டு நார்மில்லில்
ஒரு சாக்குத் தூள் கேட்டேன்.
"எத்தனை செடிங் வச்சிருக்கீங்?"
"ஒண்ணேதானுங்."

இப்போது வீடெல்லாம்
ஊறின மட்டை வாசம்.
லாவண்டரை
பைக் ஒழுகவிட்ட ஆயில்மேல் கொட்டியாயிற்று.

கறிவேப்பிலைதான் பட்டுப்போச்சு.