சிலிக்கா வறுக்கும் சட்டி

இந்தச் சட்டியில் மீன் பொரிக்கக் கூடாதென்று
கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.
சிறு தீ. கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.
ஈரம் குடித்து ரோஜா நிறமான மணிகள்
ஒவ்வொன்றாய் நீலத்துக்குத் திரும்பும்.

கடலை வறுக்கிறியா உம்மா, என்றாள் ருஷ்தா
பள்ளிக்கூடப் பையோடு.
கடலைத்தான், என்றேன்.
பொய்யில்லை. கீழக்கரையில் காற்றென்பது
கடல் வீட்டுக்குள் நடந்து வருவது.
அலமாரிக் கீலில், கத்திரிக்கோலில்,
கேமராவின் பொடித் திருகாணிகளில்
அதன் கால்தடம்.

ரப்பர் விளிம்பு வைத்த டப்பாவுக்குள் குட்டி ஈரமானி.
அறையில் எண்பத்து மூன்று, டப்பாவில் நாற்பத்தாறு.
முள் ஐம்பதைத் தாண்டினால் அடுப்பு எரியும்.
என் வீட்டில் சொகுசாய் வாழ்வது
மூன்று லென்சுகளும் ஒரு பிளாஷும்தான்.

முன்பு டப்பா இல்லை, தோல்பை.
ஜமால் சார்ஜாவிலிருந்து அனுப்பியது.
பஞ்சு வைத்தது, அழகானது,
ஈரத்தைப் பிடித்தால் விடாதது.
கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படமெடுக்க
ஊரில் நானும் இன்னொருத்தியும்தான்;
சீசனில் அந்தப் பை தரையில் தங்காது.

பிறகு அவருடைய மவுத்துச் செய்தி வந்தது.
இத்தா இருந்தேன்.
நான்கு மாதம் பத்து நாள்
நான் உள்ளறையில், பை கட்டிலுக்கடியில்.
வெளியே ஐப்பசி மழை, கார்த்திகை மழை.
யாரும் ஜிப்பைத் திறக்கவில்லை.

முடிந்த மறுநாள்
ஐம்பது எம்எம்மை எடுத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
ஓரத்தில் வெள்ளை இழை.
கிளைவிட்டு, கிளைக்கும் கிளைவிட்டு,
கண்ணாடித் தரைப் படகில் குருசடைக்குப் போனபோது
கீழே கண்ட பவளக் கொம்பு மாதிரி.
இரண்டு கண்ணாடிக்கு நடுவே,
என் துணி எட்டாத இடத்தில்.

மதுரையில் பழுதுபார்க்கும் ஜெயசீலன் போனில் கேட்டார்:
எவ்வளவு நாளா எடுக்காம வெச்சிருந்தீங்க?
சொன்னேன்.
கொஞ்சநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
கழட்டித் துடைக்க ரெண்டாயிரத்து ஐநூறு ஆகும்மா.
கோட்டிங்கைத் தின்னிருந்தா தழும்பு நிக்கும்.
அதுவரை வெயில்ல காட்டுங்க,
வேலைக்குக் கொண்டுபோங்க.
பூட்டி வெச்சாத்தான் அது வளரும்.

கொண்டுபோனேன்.
நேற்று மண்டபத்து ஏசியிலிருந்து வாசலுக்கு ஓடினேன்,
பெண் வரும் கார் வந்துவிட்டதென்று.
லென்ஸ் முழுக்கப் பனி.
எடுங்க லாத்தா, எடுங்க என்று முதுகில் தட்டுகிறார்கள்.
துடைக்கவென்று முந்தானையை நீட்டுகிறாள் ஒருத்தி.
முந்தானையா அது, முழுக்க ஜரிகை!
லென்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.
மணலென்றால் முதலில் ஊதணும், பிறகு தூரிகை,
கடைசியில்தான் துணி.
பனிக்கு அதுவும் கிடையாது. நிற்கணும், அவ்வளவுதான்.

காரின் கண்ணாடி நாலு விரல் இறங்கியது.
மெதுவா லாத்தா, என்றது உள்ளிருந்து ஒரு குரல்,
நானும் இன்னும் இறங்கத் தயாரில்லை.

மாலையில் பிள்ளையின் உம்மா கையில்
மெமரி கார்டை ஒப்படைக்குமுன்
ஒவ்வொன்றாய்ப் பெரிதாக்கி இழையைத் தேடினேன்.
வெயிலுக்கு நேரே எடுத்த ஒன்றில் மட்டும்
மூலையில் பாலாடை போல ஒரு மங்கல்.
சாம்பிராணிப் புகை அழகா விழுந்திருக்கு, என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து டப்பாவைப் பார்த்தால் முள் ஐம்பத்திரண்டு.
அடுக்களையில் அடுப்பு எரிகிறது.
சிவப்பு நூல் கட்டிய சட்டி,
கையில் உடைக்கப் போகிற முட்டையோடு ருஷ்தா.
வேண்டாம்டீ, என்று கத்தினேன்,
அது கடலுக்கு!