சதுப்புப் பஞ்சு

காற்று மேற்கிலிருந்து. அது ஒன்றுதான் எனக்குச் சாதகம்.
மற்றபடி மழை,
காலருக்குள் இறங்கி முழங்கால் வரை வழி தெரிந்த
ஹெப்ரிடீஸ் மழை.

இரண்டு நாளாய்க் குப்புறக் கிடக்கிறேன்.
எதிரே செம்மான் பிணை, இடது காது கிழிந்தது.
என் நோட்டில் அதற்குப் பெயரில்லை, நேரங்கள் மட்டும்.
மூன்று பத்து, புல்.
நாலு மணி, ஹெதர் நுனி, பூவை விட்டுவிட்டு.
ஐந்தரை, கடல் வற்றிய கரையில் பாசி:
ஒரு நீள நாடாவைத் தலையாட்டி இழுத்து
பாதி உள்ளே, பாதி தாடியாய் வெளியே.
பிறகு படுத்து அசைபோட்டது.
நானும், படகு அலுவலகத்து ஃபின்வலா சொன்னதை:
"அக்டோபர் பக்கத்துக்கு ஒரு மான் வேண்டும்.
சாந்தமாக. மேய்வதுபோல."

மேய்வதுபோல என்றால் என்ன?
தாடை பக்கவாட்டில் அரைக்கிறது,
திருகைக்கல் மாதிரி, அவசரமில்லாமல்.
நானூறு படம் எடுத்தேன்.
நானூறிலும் சாந்தம்.

மூன்றாம் நாள்
வெளிச்சம் சாம்பலுக்கும் ஒரு படி கீழே.
மலைச்சரிவில், வளையை விட்டு இரவில் வந்து
திரும்பிப் போக மறந்த கடற்பறவைக் குஞ்சு ஒன்று
கொழுத்த உடம்போடு இறகடித்துப் பழகிக்கொண்டிருந்தது.
பிணை நடந்து வந்தது.
ஓடி வரவில்லை, பதுங்கி வரவில்லை.
புல்லுக்குக் குனிவதுபோலக்
குனிந்தது.

தலை மட்டும்.
காய்ந்த ரொட்டி உடைகிற சத்தம்.
பிறகு அதே தாடை, அதே பக்கவாட்டு,
அதே அவசரமின்மை.

விரல் மறுத்துவிட்டது என்று எழுத ஆசை.
விறைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தீவின் மண்ணில் சுண்ணாம்பு போதாது.
பள்ளிக்கூடத்திலேயே படித்தது.
படித்ததற்கும் அந்தச் சத்தத்துக்கும்
நடுவே ஈரத்தில் கிடந்தேன்.

சரிவுக்குப் பின்னாலிருந்து கன்று வந்தது.
முட்டி முட்டி மடி தேடிக் குடித்தது,
வால் துடிக்க.
பிணை தலை தூக்கி நேராக என்னைப் பார்த்தது,
கீழுதட்டில் ஒரு வெள்ளைத் தூவி.
அப்போது விரல் வேலை செய்தது.
ஒரே ஒரு படம்.

"இதுதான், இதேதான்!" என்றாள் ஃபின்வலா,
கிளாஸ்கோவிலிருந்து வந்து இன்னும் ஒரு கோடை முடிக்காதவள்.
"தாயும் கன்றும்! உதட்டில் என்ன, சதுப்புப் பஞ்சா?"

"ம்" என்றேன்.
அந்த ம் பொய்யில் சேர்த்தியா என்று
இன்னும் கணக்கு முடிக்கவில்லை.

காலண்டர் வந்தது. தீவில் நாற்பது வீடு,
எல்லாரும் வாங்கினார்கள்.
எல்லாருக்கும் தெரியும்,
சதுப்புப் பஞ்சு ஜூலையோடு பறந்து போகிறது;
என் படத்தில் ஹெதர் பழுப்பாகி நிற்கிறது.
ஒருவரும் கேட்கவில்லை.

டார்க்கில் மட்டும், உரிமம் வைத்து மான் சுடுகிறவர்,
கறி வெட்டும் அறைக்கு ஒன்று வேண்டுமென்று வந்தார்.
கவுண்டரிலேயே அக்டோபரைப் புரட்டி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல பசி" என்றார்.

சில்லறையை எண்ணாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மழைக்குள் போனார்.