புள்ளிக்கணக்கு

மொத்த நாட்டுக்கும் முப்பது லட்சத்துச் சொச்சம் பேர்தான்.
மொந்தெவிதேயோவில் ஒருவர் பிரபலம் என்றால்
அவருக்கும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது.
கிடைக்காததை எல்லோரும் கவனிப்பார்கள்,
அவ்வளவுதான் வித்தியாசம்.

கீழ்வீட்டு மிர்த்தாவும் நானும்
கரண்ட் பில் கணக்கெழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில்
ஆறு வருஷமாகப் புள்ளி வைத்து விளையாடுகிறோம்.
விதிகள் அவளுடையவை.
உற்றுப் பார்த்தால் புள்ளி கிடையாது.
பேசிவிட்டால் அன்றைய கணக்கே ரத்து.
படம் எடுத்தால் ஒரு மாதத்துக்கு
அவள் வீட்டில் எனக்கு மாத்தே இல்லை.

வானிலை சொல்லும் துலியோ பராஸா: இரண்டு.
வெயில் என்று திரையில் சிரித்துச் சொல்லிவிட்டு
மறுநாள் மருந்துக்கடைக் கூரையடியில்
காலரைத் தூக்கிக்கொண்டு ஒடுங்கி நின்றாரே,
அன்று மட்டும் மிர்த்தா மனமிளகி ஒன்பது போட்டாள்.

இல்தா பெர்சிவாலே: ஐந்து.
மாலைத் தொடரில் சொந்த அக்காவுக்கு விஷம் வைத்தவள்.
தொடர் முடிந்து பதினேழு வருஷம்.
ஞாயிற்றுச் சந்தையில் தக்காளிக்காரன்
மீதிச் சில்லறையை இன்னும் அவள் கையில் கொடுப்பதில்லை,
பலகைமேல் வைக்கிறான்.
அவளும் ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்துக்கொள்கிறாள்,
அதுவும் வேடத்தில் சேர்த்திதான் என்பதுபோல.

நேனே அரிஸ்முந்தி: ஏழு.
கடைசி நிமிஷத்துப் பெனால்டியை
கேலரியில் மூன்றாவது வரிசைக்கு அனுப்பியவர்.
போன இலையுதிர்காலத்தில் நாயோடு போனார்.
பையன்களின் பந்து உருண்டு உருண்டு
சரியாக அவர் காலடியில் வந்து நின்றது.
எதிர்ப்பக்கத்து ஜன்னல்களில்
மூச்சுவிடும் சத்தமில்லை.
குனிந்தார். பந்தை இரண்டு கையாலும் எடுத்து
முட்டையைத் தருவதுபோல்
ஒரு பையனிடம் தந்துவிட்டுப் போனார்.
அன்று நான் எதுவும் எழுதவில்லை.
மிர்த்தாவும் கேட்கவில்லை.

தகராறு வந்தது அபேலார்தோவால்தான்.
மூன்று துப்பறியும் தொடர்களில் பிணமாக நடித்தவர்.
வசனம் இல்லை, பெயர்ப் பட்டியலிலும் இல்லை.
ஒரு தடவை கால் மட்டும்.
இவரெல்லாம் கணக்கில் வருவாரா என்றேன்.
மூன்று தரம் செத்திருக்கிறார், என்றாள் மிர்த்தா,
நீ ஒரு தரமாவது செத்துக் காட்டு.
அப்படியாக ஒரு புள்ளி.
நூற்று இருபத்தொன்றாம் எண் பஸ்ஸில்
அவர் வாய் பிளந்து தூங்கும்போதெல்லாம்
மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான்
என் நிறுத்தத்தில் இறங்குவேன்.

செவ்வாய்க்கிழமை, ரொட்டிக்கடை.
என் சீட்டு நாற்பத்தொன்று, அவருடையது நாற்பத்திரண்டு.
கண்ணாடிக்குள் இருந்த பிஸ்கோச்சோக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
விதிப்படி.
அவர்தான் என் பக்கம் திரும்பினார்:
“மன்னிக்கணும். அந்தப் பெரிய புயலன்று
டிவி நிருபருக்குப் பின்னால்
மெத்தையைத் துரத்திக்கொண்டு ஓடினது
நீங்கள்தானே?”

நாலு நொடி இருக்கும் அந்தக் காட்சி.
ரம்ப்லா சாலை, கடல் கரையேறி வருகிறது,
ஒற்றைச் செருப்போடு நான்.
அவனை விட்டு வந்த அன்று
அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.
இதை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் சொல்லவில்லை.

“எங்கள் வீட்டில் பந்தயமே கட்டினோம்,” என்றார்.
“கடைசியில் அகப்பட்டதா?”
“இல்லை.”
தலையசைத்தார்,
வெகுநாள் கவலைப்பட்டவர்போல.
பந்தயத்தில் அவர் எந்தப் பக்கம் என்று
கேட்டிருக்கலாம்.
நாற்பத்தொன்று என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

மாலையில் மிர்த்தா நோட்டை விரித்தாள்.
அபேலார்தோவைப் பார்த்தேன், ரொட்டிக்கடையில், என்றேன்.
அதோடு நிறுத்திக்கொண்டேன்.
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டாள்:
“அசைந்தாரா?”
“அசைந்தார்.”
“அப்படியென்றால் அரைதான்.”