அழிக்கக் கூலி

எழுத ஓர் எழுத்துக்கு நாற்பது,
அழிக்க அறுபது என்றான் நிக்சன்.
ஏனடா என்றேன்.
"எழுதினது ஒருக்கால் காய்ஞ்சால் போதும் அக்கா,
அழிச்சது மூண்டு தரம் காயவேணும்."

கண்ணிவெடி எடுத்தவர்கள் விட்டுப்போன தகரம் அது.
பின்பக்கம் இன்னும் ஒரு சிவப்பு மண்டையோடு
சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.
முன்பக்கத்தில் பன்னிரண்டு வருசமாக
சோறு, கொத்து, பிட்டு, இடியப்பம்,
கோழி, மீன், கணவாய்.
அதற்குக் கீழே
முல்லைத்தீவு பஸ் மாங்குளம் சந்தியில் திரும்பும்போதே
வாசிக்கக்கூடிய அளவில்
மரை வத்தல்
காட்டுப்பன்றி
உடும்பு.

உடும்பு முதலில் போனது, ஒரு கரிக்கோட்டோடு.
கொழும்பிலிருந்து வான் பிடித்து வந்த பிள்ளைகள்
தகரத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.
நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.
மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பைக் காட்டியே
என்னைக் கொலைகாரி என்றார்கள்
முகம் தெரியாத ஆட்கள்.

மரையை எடுக்கச் சொல்லி வந்தவர்
வனசீவராசிகள் மாத்தையா.
கடதாசியை மேசையில் வைத்தார்.
போன ஆவணியில் அதே மேசையில்
தட்டைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டவர்.
போகும்போது குசினிப் பக்கம்
ஒருதரம் மூக்கைத் திருப்பினார்.
அதை நான் குற்றமாய்ச் சொல்லவில்லை.
வத்தலைத் தணலில் வாட்டி
உரலில் நார் நாராய் இடித்து,
செத்தல் மிளகாய், தேங்காய்ப்பால், கடைசியில் ரம்பை.
அந்த வாசனைக்கு மூக்குத் திரும்பாத ஆள்
எழுதுகிற சட்டம் நல்ல சட்டமாய் இராது.

பன்றிக்குத்தான் நான் சண்டை பிடித்தேன்.

அம்பகாமத்து அருளம்பலம் ஒரு விடியப்புறம்
பன்றி கிண்டிய கச்சான் செடிகளைக்
கட்டாகக் கொண்டுவந்து என் வாசலில் போட்டார்.
"ரெண்டு ஏக்கர். ஒரே இரவு.
உன்ரை தகரத்திலை அதை அழிச்சால்
என்ரை காணியிலை ஆர் அதை அழிக்கிறது?"
எனக்கு மறுமொழி இல்லை.
பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன்.
குடித்துவிட்டுக் காசு வைத்துவிட்டுப் போனார்.
அதுதான் குத்தியது.

பாதை பூட்டியிருந்த வருசங்களில்
என்ன இறைச்சி என்று ஒருவரும் கேட்டதில்லை.
இறைச்சியா, என்றுதான் கேட்டார்கள்.

பிறகு அந்தக் குட்டி.
பன்றிக்கென்று பூசணித் துண்டில் பொதிந்த வெடியை
யானைக்குட்டி கடித்தது.
மூன்று நாள் குளத்தில் நின்றது.
விறகுக்குப் போன இடத்தில் நானும் பார்த்தேன்.
தும்பிக்கையால் அள்ளி வாய்க்குள் விடும்.
விட்டது முழுக்க
தாடை இருந்த இடத்தால் திரும்பக் குளத்துக்கு.
மறுபடி அள்ளும்.

எந்தப் பன்றி எந்த வெடியில் செத்து
என் சட்டிக்கு வந்ததென்று
பன்னிரண்டு வருசம் நான் கேட்டதில்லை.
கிலோ என்ன விலை என்று கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கே பன்றிக்கும் கரி பிடித்தேன்.
அடுத்த நாள் லொறிக்கார ஞானசீலன் வந்தார்.
தகரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அது இருக்கோ?"
"எது?"
"அதுதான்... அது."
"கணவாய் இருக்கு."
அவர் கணவாய் தின்றார்,
யாரோ செத்த வீட்டில் தின்பதுபோல.

நிக்சன் மூன்றாம் பூச்சும் முடித்துவிட்டான்.
கணவாய்க்குக் கீழே ஒரு முழம் வெள்ளை.
"இதிலை என்ன எழுதவேணும் அக்கா?"
கத்தரிக்காய் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அருளம்பலம் இந்தப் போகம் கத்தரி வைத்திருக்கிறார்,
பன்றிக்கும் அது தெரியும்.
"விடு" என்றேன்.

பதினேழு எழுத்து, ஆயிரத்து இருபது ரூபா.
வெறும் இடத்துக்கு வேறாய்க் கேட்டான்.
சில்லறையாய் எண்ணிக் கொடுத்தேன்.